அளவு ஜாக்கெட்டை மாற்றும் வயது

நடுவயதில் உடை களையிழந்து தெரிவதற்கு முதல் காரணம் பழைய அளவு. முப்பது வயதில் எடுத்த அளவை வைத்து ஐம்பது வயது உடம்புக்கு ஜாக்கெட் தைக்கப்படுகிறது. அதன்மேல் பத்தாயிரம் ரூபாய்ப் பட்டுச் சேலையைச் சுற்றினாலும் பொதி மூட்டைத் தோற்றம் போவதில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் உடைக்கான செலவு பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. சேலைக்கு அரை நாள் கடை ஏறி இறங்குகிறார்கள். ஜாக்கெட்டுக்கு ஐந்து நிமிடம். உள்பாவாடையோ, வீட்டில் இருப்பதில் நிறம் ஒத்துப்போகும் ஏதோ ஒன்று. நறுவிசான தோற்றம் வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே வர வேண்டும்: முதலில் உள்ளாடை, அடுத்து ஜாக்கெட், பிறகு பாவாடை, கடைசியில் சேலை.

நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் பெண்ணின் உடம்பு வடிவம் மாறுகிறது. இந்தியப் பெண்கள் பலருக்கு மாதவிடாய் 46, 47 வயதையொட்டி நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் குறையத் தொடங்குவதால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. மார்பு தளர்ந்து இறங்குகிறது, மேற்கை பருக்கிறது, முதுகு லேசாக வளைந்து தோள் முன்னுக்கு வருகிறது. பாதமும் தட்டையாகி அகலமாகிறது. எடை ஒரு கிலோகூட ஏறாதவர்களுக்கும் இந்த மாற்றங்களில் சில நடந்திருக்கும். ‘எடை கூடவில்லையே, பழைய அளவே போதும்’ என்று நினைப்பது தப்புக்கணக்கு.

உள்ளாடையில் தொடங்குவது கூச்சமான விஷயமாகக் கருதப்படுவதால் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஜாக்கெட்டின் பொருத்தம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பிராவின் அளவு இரண்டு எண்களிலிருந்து வருகிறது: மார்புக்குக் கீழே விலா எலும்பை ஒட்டிய சுற்றளவு ஒன்று, மார்பின் முழுச் சுற்றளவு மற்றொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஓர் அங்குலம் என்றால் ஏ கப், இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் கீழ்ப்பட்டிதான், தோள்வார் அல்ல. தோளில் வார் பள்ளம் விழுந்திருந்தால் பட்டி தளர்ந்துவிட்டது என்றோ, கப் போதவில்லை என்றோ பொருள். முதுகுப் பக்கம் பட்டி மேலேறி வளைந்து நின்றாலும் இதே குறைதான். எலாஸ்டிக் தினமும் துவைத்தால் ஓராண்டுக்கு மேல் பிடிப்போடு இருப்பது அரிது. சேலை எடுக்கும் பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுக்கு ஒருமுறை இதற்கு ஒதுக்கினால், பீரோவில் இருக்கும் எல்லா ஜாக்கெட்டும் ஒரே நாளில் கொஞ்சம் நன்றாகப் பொருந்தும்.

அடுத்தது ஜாக்கெட். தையல் கடைக்குப் போகும்போது அளவு ஜாக்கெட் எடுத்துப்போவது நம் வழக்கம். ஆண் தையல்காரர் உடம்பில் டேப் வைத்து அளவெடுப்பதில் உள்ள கூச்சமே இந்த வழக்கத்தின் வேர். நியாயமான கூச்சம்தான். ஆனால் அளவு ஜாக்கெட்டின் பிழை அடுத்த ஜாக்கெட்டுக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் வாரிசுச் சொத்தைப் போல இறங்கிக்கொண்டே போகிறது. இன்று பெரும்பாலான பேட்டைகளில் பெண் தையல்காரர் ஒருவராவது இருக்கிறார். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டில் மகளோ தங்கையோ டேப் பிடித்து எண்களைத் தாளில் எழுதித் தரலாம்.

ஒரு பெண் தையல்காரரின் மேசையில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வந்தவர் 48 வயதுப் பள்ளி ஆசிரியை. மகளின் காதுகுத்துக்குத் தைத்த ஜாக்கெட்டையே பல ஆண்டுகளாக அளவுக்குக் கொடுத்து வந்தவர். “டீச்சர், இது உங்க பழைய உடம்புக்குத் தைச்சது, ஒரு தடவை நேரா அளவெடுத்துப் பாத்திடலாம்” என்று தையல்காரர் டேப்பை எடுத்தார். பழைய ஜாக்கெட்டில் மார்புச் சுற்று 36 அங்குலம்; இப்போது முப்பத்தொன்பதரை. கைச் சுற்று 11, இப்போது 13. தோளிலிருந்து மார்பு முனை வரை, கடைக்காரர்கள் ‘பாயிண்ட்’ என்று சொல்லும் அளவு, ஒன்பதரை. இப்போது பத்தே முக்கால். தோள் அகலம் மட்டும் அன்றும் இன்றும் பதினாலரைதான். பழைய ஜாக்கெட்டின் மேல் புதிய பாயிண்டை சாக்குக்கட்டியால் புள்ளி வைத்துக் காட்டினார். மார்பு வடிவத்துக்காக மடித்துத் தைக்கும் டாட் முடியும் இடத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே இரண்டு விரல் புகுந்தது.

அந்த இரண்டு விரல் இடைவெளிதான் அத்தனை வேலையும் செய்கிறது. டாட் மேலே நின்றுவிட, மார்பு கீழே இறங்கியிருப்பதால், மேலே துணி வெற்றாக உப்பி நிற்கும். கீழே பட்டியை மார்பு அழுத்தும். கொக்கிகளுக்கு நடுவே துணி வாய் பிளக்கும். இதைச் சரிசெய்ய எல்லோரும் செய்வது பக்கவாட்டுத் தையலைப் பிரித்துவிடுவது. பக்கத்தில் பிரித்தால் சுற்றளவு மட்டும்தான் கூடும். டாட் இடம் மாறாது, கைக்குழியும் சரியாகாது. மாறாக, கைக்குழி கீழே அகன்று அக்குளில் துணி திரளும். ஒருமுறை பிரித்துவிடுவது சரி. இரண்டாம் முறையும் பிரிக்க வேண்டி வந்தால் அந்த ஜாக்கெட்டின் காலம் முடிந்தது என்று ஒப்புக்கொள்வதே நல்லது.

அளவு கொடுக்கும்போது, சேலைக்குள் எந்த பிராவை அணிவோமோ அதையே அணிந்திருக்க வேண்டும். மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளிழுத்து நிற்கக் கூடாது. மார்பு, கை, தோள், முதுகு, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம், பாயிண்ட், பட்டிச் சுற்று, மொத்த உயரம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். மார்பு பெருத்தவர்களுக்குக் கைக்குழியிலிருந்து மார்பைத் தொட்டு இடுப்புவரை வளைந்திறங்கும் பிரின்சஸ் கட் நன்றாகப் பொருந்துகிறது. துணியை மூலைவாட்டில் வெட்டும் கிராஸ் கட்டில் கொஞ்சம் இழுவை கிடைக்கும், கையைத் தூக்கி இறக்கி வேலை செய்கிறவர்களுக்கு அது சுகம். உள்ளே இரு பக்கமும் ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்காவிட்டால், முதல் துவைப்பிலேயே அது சுருங்கி மேல்துணியைச் சுருக்கு விழ வைக்கும். அவசரத்துக்குத் தைத்துத் தரும் கடைகளில் முதலில் விட்டுப்போவது இந்த ஒரு வேலைதான். துணியைக் கொடுக்கும் முன் வீட்டிலேயே ஊறவைத்துவிட்டால் பிரச்சினை இல்லை.

கையின் நீளம் பெரிய விஷயம். கை எங்கே முடிகிறதோ அங்கே பார்ப்பவர் கண் நிற்கும். மேற்கையின் பருத்த இடத்தில் முடியும் ஐந்து, ஆறு அங்குலக் கை, அந்தப் பருமனுக்கு அடிக்கோடு போட்டதாகிவிடும். முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே முடியும் கையோ, முழங்கையைத் தாண்டிய முக்கால் கையோ பாந்தமாக இருக்கும். பின்கழுத்தை எட்டு, ஒன்பது அங்குலம் இறக்கினால் முதுகுச் சதை பட்டிக்கு மேல் பிதுங்கும். ஆனால் வயதாகிவிட்டது என்று கழுத்தை ஒட்டி மூடித் தைப்பதும் தவறு. முன்பக்கம் மூடிய கழுத்து மார்பை ஒரே பரப்பாகக் காட்டும், குட்டைக் கழுத்துக்காரர்களை இன்னும் குறுக்கிவிடும். முன்பக்கம் ஆறு அங்குலம், பின்பக்கம் ஆறு அல்லது ஏழு, இதில் பெரும்பாலோருக்குக் குறை வராது. ஜாக்கெட் உயரத்தை 13 அங்குலத்தில் நிறுத்தாமல் ஓர் அங்குலம் கூட்டினால் இடுப்பு மடிப்பின் நடுவில் பட்டி வெட்டுவது நிற்கும்.

உள்பாவாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் சேலையின் உருவம் இடுப்பிலிருந்து தரைவரை அதன் கையில் இருக்கிறது. சுருக்கு வைத்த பழைய பாவாடை இடுப்பைச் சுற்றி ஒரு வளையமாகத் துணியைக் குவிக்கிறது. அதன்மேல் கொசுவத்தைச் செருகினால் வயிறு இரண்டு மடங்காகத் தெரியும். மேலே தட்டையாக அமர்ந்து கீழே விரியும் ஆறு பீஸ், எட்டு பீஸ் பாவாடைதான் சரி. நீளம் சேலை விளிம்பைவிட ஓர் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டினால் வயிறு மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிகிறது. ஆண்டுக்கணக்கில் இறுகிய இடத்தில் தோல் கறுத்துத் தடித்துப்போவதும் உண்டு. இரண்டு அங்குலப் பட்டி வைத்து, அகலமான நாடா கோத்து, தொப்புள் மட்டத்தில் அல்லது ஒரு விரல் மேலே, மூச்சு விடும் அளவுக்குக் கட்ட வேண்டும். உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் ஷேப்வேர் பாவாடை கல்யாண வீட்டின் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நல்லது. சித்திரை வெயிலில் நாள் முழுக்க அதோடு இருக்கச் சொல்ல மனம் வரவில்லை.

சேலையில் முதலில் பார்க்க வேண்டியது துணி எப்படி விழுகிறது என்பது. மொடமொடப்பாகக் கஞ்சி போட்ட காட்டன், ஆர்கன்சா, டிஷ்யூ ஆகியவை உடம்பைவிட்டு உப்பி நிற்பதால் அகலம் கூட்டும். ஜார்ஜெட், கிரேப், சிஃபான் உடம்போடு ஒட்டி ஒவ்வொரு மடிப்பையும் சொல்லிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவைதான் நடுவயதின் துணிகள்: இரண்டு மூன்று முறை துவைத்த மதுரைச் சுங்குடி, பட்டும் பருத்தியும் கலந்த கோவைக் கோரா, கனம் குறைந்த ஆரணிப் பட்டு, நூறாம் நம்பர் நூலில் நெய்த மெல்லிய கைத்தறிக் காட்டன். நூலின் எண் கூடக் கூட இழை மெலிதாகும்; அறுபதாம் நம்பர் சேலை தடிப்பாக நிற்கும், நூறும் நூற்றிருபதும் இடுப்பில் அடங்கி உட்காரும். கடைக்காரரிடம் நூல் எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை, கைத்தறி விற்கிறவர்களுக்கு அது தெரியும். காஞ்சிப் பட்டை விட வேண்டும் என்பதல்ல. ஐந்தடி உயரமுள்ளவர் பத்து, பன்னிரண்டு அங்குலக் கரையைக் கட்டினால் கெண்டைக்கால்வரை கரையே ஏறி ஆள் பாதியாகத் தெரிவார்; நான்கு அங்குலக் கரை அவரை நிமிர்த்திக் காட்டும்.

சேலை நீளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பொதுவாகச் சேலை ஐந்தரை மீட்டர். ஜாக்கெட் துணியோடு வந்தால் இன்னும் 80 சென்டிமீட்டர். சேலை இடுப்பை ஏறக்குறைய இரண்டு முறை சுற்றுகிறது. இடுப்புச் சுற்று எட்டு அங்குலம் கூடியிருந்தால், சுற்றுக்கே கூடுதலாகப் பதினாறு அங்குலம், அதாவது 40 சென்டிமீட்டர், போய்விடும். ஐந்து அங்குல அகலக் கொசுவம் ஒன்றுக்குப் பத்து அங்குலம் துணி வேண்டும். ஆகவே முன்பு ஏழு கொசுவம் வந்த இடத்தில் இப்போது ஐந்தரைதான் வரும், அல்லது முந்தானை இடுப்போடு நின்றுவிடும். கொசுவம் குறைந்து முந்தானையும் குட்டையான சேலை எத்தனை விலை உயர்ந்ததானாலும் கடன் வாங்கிக் கட்டியது போலவே தெரியும். இதற்குச் சுலபமான வழி, சேலையோடு வரும் ஜாக்கெட் துணியை வெட்டாமல் விட்டுவிடுவது. அந்த 80 சென்டிமீட்டர் உள்சுற்றில் மறைந்துவிடும். முந்தானை முழங்கால்வரை இறங்கும். ஜாக்கெட்டைத் தனித்துணியில் தைத்துக்கொள்ளலாம்.

கட்டும்போது செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கட்டத் தொடங்க வேண்டும். கணுக்கால் தெரியக் கட்டிய சேலை எந்த வயதிலும் ஏனோதானோவென்றுதான் இருக்கும். விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஃபால்ஸ் துணியையும் ஊறவைத்த பிறகே அடிக்க வேண்டும், இல்லையென்றால் அது சுருங்கிக் கரையை உள்ளிழுக்கும். முந்தானையை விரித்துப் போட்டால் வயிறு மறையும் என்பது உண்மை, ஆனால் கைமேல் சரிந்து சரிந்து இழுத்துவிடும் வேலையே நாள் முழுக்க இருக்கும். நான்கு விரல் அகலத்துக்கு மடித்து, தோளின் விளிம்பை ஒட்டி உள்பக்கமாக ஊக்குக் குத்தினால் போதும். ஊக்கு என்றதும் இன்னொன்று: தாலிச் சரட்டில் மூன்று நான்கு ஊக்குகளைக் கோத்துத் தொங்கவிடும் பழக்கம் நம் அம்மாக்கள் காலத்திலிருந்து வருகிறது. அவசரத்துக்கு உதவும் பழக்கம்தான். கைப்பைக்குள் ஒரு சின்ன டப்பாவில் போட்டுவைத்தாலும் அதே அவசரத்துக்கு உதவும்.

நிறத்தில் நம் ஊரில் ஒரு கட்டுப்பாடு எழுதாமலே இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் ஆனதும் அம்மா காப்பிப்பொடி, சாம்பல், சந்தனம் என்று இறங்கிவிட வேண்டும். இது யாருக்கும் நன்மை செய்யாத வழக்கம். நரை கூடி, முகத்தின் நிறக் கூர்மை குறையும்போது, முகத்துக்குப் பக்கத்தில் மங்கிய நிறம் வந்தால் முகம் இன்னும் மங்கும். அரக்கு, மயில்கழுத்து, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை ஆகியவை மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் நரைத்த தலைக்கும் நன்றாகவே சேரும். காஞ்சிப் பட்டில் ஒரு நீலத்துக்கு ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே பெயர் நிலைத்துவிட்டது, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி (1916–2004) மேடையில் உடுத்திய அந்த நீலம் அவருடைய நரைத்த தலையோடும் மூக்குத்திகளோடும் சேர்த்தே இன்றும் நினைக்கப்படுகிறது. கடையின் குழல்விளக்கை நம்பாமல், சேலையை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் கழுத்தருகே பிடித்துப் பார்க்க வேண்டும். முகம் தெளிந்தால் அந்த நிறம் நம்முடையது.

சுடிதார், குர்த்தி வாங்கும்போது அந்த ஆசிரியையின் தோள் அளவை நினைவில் கொள்வது நல்லது. சுற்றளவு கூடியது, தோள் கூடவில்லை. வயிற்றுக்காக டபுள் எக்ஸெல் வாங்கினால் தோள் தையல் கைமேல் இறங்கி, கழுத்து அகன்று, ஆளே துணிக்குள் தொலைந்துபோவார். தோளில் எது சரியாக உட்காருகிறதோ, மார்பிலும் இடுப்பிலும் தளர்வாக எது விழுகிறதோ, அப்படிப்பட்ட ஏ லைன் வெட்டைத் தேட வேண்டும். மிஞ்சியதைத் தையல் கடையில் பிடித்துக்கொள்ளலாம். பக்கவாட்டுத் திறப்பு வயிற்றின் அகன்ற இடத்தில் தொடங்கினால் அங்கேயே விரிந்து நிற்கும், இடுப்பெலும்புக்குக் கீழே தொடங்க வேண்டும். நீளம் முழங்காலுக்குக் கீழே. கால் சதையைப் பிடிக்கும் லெக்கிங்ஸுக்குப் பதில் நேரான காட்டன் பேன்ட்.

நைட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. வீட்டில் இருக்கும் பெண்கள் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறார்கள். மாதவிடாய் நிற்பதையொட்டித் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும் அந்தக் காலகட்டத்தில் அதைவிடச் சுகமான உடையும் இல்லை. குறை நைட்டியில் இல்லை. நிறம் வெளுத்து, கழுத்து தொங்கி, ஓரம் கிழிந்த நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு காய்கறி வண்டிவரை போவதில்தான் இருக்கிறது. தோளுக்குச் சரியான யோக் வைத்த, நல்ல காட்டனில் நான்கு நைட்டியை வைத்துக்கொண்டு, வெளுத்ததும் கைப்பிடித் துணியாக்கிவிட வேண்டும். கல்யாணத்துக்குச் செலவழிக்கும் கவனத்தில் கொஞ்சம் செவ்வாய்க்கிழமைக் காலைக்கும் கிடைக்கட்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், சாயம் பூசுகிறவர்களுக்கு மூன்றாவது வாரமே வகிட்டில் வெள்ளைக் கோடு விழும். ஒழுங்காகத் தொடர்ந்து பூசுவது ஒரு வழி, முழுதாக நரையை ஏற்று நல்ல வெட்டு வெட்டிக்கொள்வது இன்னொரு வழி, இரண்டும் அழகு. கனமான தோடு இழுத்துக் காதுத்துளை நீண்டிருந்தால் சிறிய தோட்டுக்கு மாறலாம். செருப்பை, கால் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்க வேண்டும். பட்டுச் சேலைக்குக் கீழே குளியலறை ரப்பர் செருப்பு வேண்டாம்.

ஆண்களுக்கும் இதே கணக்குத்தான். தொப்பைக்காக 44 சைஸ் சட்டை வாங்கித் தோள் தொங்குவதும், தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறக்கிக் கட்டிப் பின்பக்கம் பேன்ட் தொளதொளப்பதும் பத்து வயதைக் கூட்டிக் காட்டும். தோளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையும், தொப்புளுக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும் பேன்ட்டும் அதைத் தீர்த்துவிடும்.

இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவில் அடுக்கிய ஜாக்கெட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பொருந்துவது, ஒருமுறை பிரித்தால் பொருந்துவது, பொருந்தாதது என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் பெரும்பாலான வீடுகளில் முதல் குவியல்தான் சிறியதாக இருக்கும். அதற்கு ஈடாக முதலில் மூன்று ஜாக்கெட் தைத்தால் போதும்: ஒரு கறுப்பு, ஓர் அரக்கு, ஒரு பொன்னிறம். இருக்கிற சேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றில் ஒன்று சேர்ந்துவிடும். தைக்கக் கொடுக்கும் அளவுத்தாளில் தேதியையும் எழுதி வையுங்கள். ஓராண்டு தாண்டிய அளவை நம்பி இனி ஒரு துணியையும் வெட்டக் கொடுக்க வேண்டாம்.